பல்லாவரத்துத் துறவியும் குமுதவல்லியும்

தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் மூன்றாவதாக வரும் நிலையம் பல்லாவரம். நம் வட்டத்து உறுப்பினர் பலர் நாள்தோறும் அவ்வழியே சென்னைக்குச் சென்று மீள்பவர்கள். அவர்களுக்கு அவ்வூர் தனித்தமிழின் தாயகம். 1911 முதல் 1950 வரை மறைமலையடிகள் வாழ்ந்த ஊர். சைதாப்பேட்டைப் பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு நகரே அவர் பெயரால் எழுந்துள்ளது. அத்தகைய பெருமகனாரைப் பற்றிப் பத்தாம் ஆண்டு மலரில் எழுதப் புகுங்கால், அவருடைய சைவத்தையும் தமிழ்த் தொண்டையும் மீண்டும் ஒருமுறை போற்றிவிட்டு அமைவது எளிது. நான் எடுத்துக்கொண்டது வேறு. அறிஞர்கள் முகஞ்சுளித்த ஓர் ஆங்கிலக் கதைக்காரரின் புதினத்தை அடிகளார் தம் கைப்படத் தமிழில் தந்தார். அதை நாம் ஏன் பேசுவதில்லை?

1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் நாகப்பட்டினத்தில் பிறந்தவர் வேதாசலம். தந்தையார் சொக்கநாதப் பிள்ளை மருத்துவர். வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்று வருகையில் தந்தையார் மறைந்தார். பள்ளிப் படிப்பும் அத்தோடு நின்றது. பின்னர் அவருக்குத் தமிழ் கற்பித்த நாராயணசாமிப் பிள்ளை புத்தக வணிகர் என்பது கருதத்தக்கது. அக்காலப் புத்தகக் கடையில் இலக்கண நூலும் இருக்கும், பெரிய எழுத்துக் கதையும் இருக்கும். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அலமாரி பிரித்துப் பார்ப்பதில்லை. அத்தகைய சூழலில் தமிழ் கற்ற சிறுவனே பின்னாளில் நாலாயிரம் நூல்களைச் சேர்த்தவன்.

1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். இன்று தாம்பரத்தில் இருக்கும் அக்கல்லூரி, அன்று சென்னை நகருக்குள் இருந்தது. இங்குக் குடிபெயர்ந்தது 1937இல்தான். அவரை அங்குத் தேர்ந்தெடுத்தவர் பரிதிமாற் கலைஞர். அவரும் ‘நாடகவியல்’ எழுதியவர். கூத்தைப் புலமைக்கு ஒவ்வாததாக எண்ணாதவர். அடிகளார் 1903இல் முல்லைப்பாட்டையும், 1906இல் பட்டினப்பாலையையும் ஆராய்ந்தார். 1907இல் காளிதாசரின் சாகுந்தலத்தை மொழிபெயர்த்தார். பல்கலைக்கழகம் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக வைத்திருந்த நிலையை மாற்றியபோது, பதின்மூன்றாண்டுப் பணி முடிவுற்றது.

அதன்பின் வந்த 1911ஆம் ஆண்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மே மாதம் பல்லாவரத்தில் குடியேறினார். ஆகத்து 27ஆம் நாள் துறவுக் கோலம் பூண்டார். ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’ என்னும் நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யும் வெளிவந்தது. காவியும், சாவின் ஆராய்ச்சியும், காதற் புதினமும் ஓராண்டுக்குள் ஒரே மனத்திலிருந்து தோன்றின. வரலாறு எழுதுவோர் முதலிரண்டையும் விரித்துரைத்து, மூன்றாவதை நூற்பட்டியலில் ஒரு வரியாக்கி விடுகின்றனர்.

குமுதவல்லியின் மூலம் ரெயினால்ட்ஸ் எழுதிய ‘லைலா’. காகசு மலைப்பகுதியைக் களமாகக் கொண்ட கதை. அந்நிலத்தை அடிகளார் நாகநாடாக மாற்றினார். ரெயினால்ட்ஸ் (1814–1879) யார் என்பதை இளைய கவிஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இலண்டன் நகரின் இரகசியங்களை வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் பகுதி பகுதியாக விற்றவர் அவர். அரண்மனைப் பள்ளியறைகளையும் திருடர் குகைகளையும் ஒரே மூச்சில் திறந்து காட்டினார். உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்டு இயக்கத்தின் மேடைப் பேச்சாளரும் அவரே. சார்லஸ் டிக்கன்ஸ் அவரை வெறுத்தார். இந்திய வாசகர்களோ வெறுக்கவில்லை. நம் நாட்டு நூலகங்களில் மிகுதியாகப் புழங்கிய ஆங்கிலக் கதைகளுள் அவருடையவை முன்வரிசையில் நின்றன. ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் அவரைத் தழுவித் தமிழ் வாசகர் கூட்டத்தையே உருவாக்கினர்.

ரெயினால்ட்ஸ் 1850களில் எழுதிய புதினங்களுள் ஒன்று ‘எல்லன் பெர்சி’. ஒரு நடிகை தன் வாழ்வைத் தானே கூறுவதாக அமைந்தது. நாடகக் கொட்டகையில் முன்பக்கம் அமர்ந்து பார்ப்பவனுக்கு அரிதாரம் மட்டுமே தெரியும். இத்தகைய கதை அவனைக் கையைப் பிடித்துப் பின்கதவு வழியே அழைத்துச் செல்கிறது. அங்கே ஆசையையும் கண்டு மகிழலாம், அந்த ஆசைக்கு ஆளானவரைப் பழித்தும் மகிழலாம். இறுதியில் தீயவருக்குத் தண்டனை கிடைத்துவிட்டால் வாசகன் கைகழுவிக்கொண்டு எழுந்துவிடலாம். குற்றவுணர்வு இந்த இன்பத்துக்கு இடையூறன்று. சமையலுக்குப் புளி போல அதன் சுவையில் ஒரு கூறு. இதை எழுதுகின்றவனும் தாம்பரம் வண்டியில் மாத நாவலை இலக்கிய இதழுக்குள் மறைத்து வைத்துப் படித்தவனே.

அடிகளார் மறைக்கவில்லை. தம் பெயரிலேயே வெளியிட்டார். ஆனால் ரெயினால்ட்ஸின் கதைகளுள், நடிகையரும் வேலைக்காரப் பெண்களும் பிரபுக்களிடம் சீரழியும் கதைகளை அவர் தொடவில்லை. தொலைநாட்டு வீரமும் காதலும் மிக்க ஒன்றையே கைக்கொண்டார். அதற்கும் சங்கச் செய்யுளின் மணங்கமழும் நடையை அணிவித்தார். இன்பத்தைக் கொண்டு, இழிவை நீக்கிவிடலாம் என்பது அவர் துணிபு போலும். அம்முயற்சி முழுதும் வென்றதென்று நான் கூறேன். அழகிய தொடர்களின் சுமையால் கதையின் ஓட்டம் பல இடங்களில் தளர்கிறது. அடுத்து என்ன என்று துடிக்கும் வாசகனை வருணனை வழிமறிக்கிறது. ஆயினும், மக்கள் விரும்பிப் படிக்கும் கதைக்கும் நல்ல தமிழ் உரியது என்று 1911இல் ஒரு துறவி எண்ணினார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1912இல் அவர் பல்லாவரத்தில் நிறுவிய அமைப்பின் பெயர் சமரச சன்மார்க்க நிலையம். அதற்கு ஈராண்டு முன்னரே சங்கரதாஸ் சுவாமிகள் தம் நாடகக் குழுவுக்குச் சமரச சன்மார்க்க நாடக சபை என்று பெயரிட்டிருந்தார். இரண்டும் வள்ளலார் வழங்கிய சொல். துறவியின் நிலையமும் கூத்தாடிகளின் கொட்டகையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நின்ற காலம் அது.

1916இல் வேதாசலம் மறைமலையானார். மகளார் நீலாம்பிகையும் அவருமாகத் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியை அனைவரும் அறிவர். புதின ஆர்வம் அத்துடன் அற்றுவிடவில்லை. 1921இல் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ நூலாயிற்று. இளங்கைம்பெண் ஒருத்தியின் காதலைக் கடிதங்களாகவே சொல்லும் நூல் அது. பிறர் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் கிளர்ச்சியை ஊட்டிக்கொண்டே கைம்மைக் கொடுமையை உணர்த்துகிறார். இங்கே அவர் குமுதவல்லியினும் நன்றாகத் தேறியிருக்கிறார். 1927இல் ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’யையும் எழுதினார். மனம் எதனால் ஈர்க்கப்படுகிறது என்னும் வினா அவரை விட்டு நீங்கவேயில்லை.

இதே காலத்தில் அந்த ஈர்ப்பு வேறு வழியிலும் ஓடிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ மேடையேறி, 1935இல் திரைப்படமாயிற்று, அதில் என்.எஸ். கிருஷ்ணன் நடித்தார். ஒன்பது ஆண்டுகளில் அக்கிருஷ்ணனே பிறர் வாய்க்குக் கதையானார். இலட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ இதழிலும், அதன் உரிமம் பறிக்கப்பட்டபின் ‘இந்து நேசன்’ இதழிலும் திரைக் கலைஞர்களின் அந்தரங்கம் என்று எழுதி விற்றார். ரெயினால்ட்ஸ் நடிகைக்குக் கற்பனைப் பெயர் சூட்டினார். இவர் உயிரோடிருப்போர் பெயரையே அச்சிட்டார். திட்டிக்கொண்டே வாங்கிப் படித்தவர்கள் பல்லாயிரவர். 1944 நவம்பர் 8இல் வேப்பேரியில் இலட்சுமிகாந்தன் கத்திக் குத்துக்கு ஆளாகி மறுநாள் இறந்தார். தியாகராச பாகவதரும் கிருஷ்ணனும் 1945இல் தண்டனை பெற்று, 1947 ஏப்பிரலில் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். பாகவதரின் திரைவாழ்வு மீண்டும் தழைக்கவேயில்லை. காசு கொடுத்துப் படித்த எவரையும் எந்த மன்றமும் விசாரிக்கவில்லை.

அவ்வாண்டுகளில் அடிகளார் பல்லாவரத்தில் முதுமையுற்றிருந்தார். 1950 செப்டம்பர் 15இல் மறைந்தார். நாலாண்டு கழித்து, 1954இல், அவர் எழுதிய ஒரு நாடகம் அச்சேறியது: ‘அம்பிகாபதி அமராவதி’. அரசன் மகளைக் காதலித்து உயிரிழந்த புலவனின் கதை. 1937இல் பாகவதர் நடித்துப் புகழ்பெற்ற ‘அம்பிகாபதி’ படமும் அதே கதைதான். அவர் பொதுமக்களுக்கென விட்டுச்சென்ற நூல்கள் 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகமாயின. அவருடைய எழுத்துகள் பின்னர் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அந்நூல் வரிசையில் திருவாசக விரிவுரையும் மாணிக்கவாசகர் வரலாறும் உள்ளன. அவற்றோடு குமுதவல்லியும் இருக்கிறாள். அடுத்த திங்கள் கூட்டத்தில் அவளை உரக்கப் படிக்க நான் இசைந்துள்ளேன்.