தம்மை மறைத்துத் தொண்டை நிறுத்திய விபுலானந்த அடிகள்

நல்ல நெறியிலே புதிதாகக் காலெடுத்து வைத்த ஒருவனுக்கு, தான் பெற்ற பயனைப் பிறரும் பெறவேண்டுமென்ற விருப்பம் எழுவது இயல்பு. அது போற்றத்தக்க விருப்பமே. விளக்கை ஏற்றியவன் அதைக் குடத்தினுள் வைத்து மூடுவதில்லை. ஆனால், அவ்விருப்பத்தின் பின்னே, தான் மற்றவரினும் உயர்ந்துவிட்டதாக எண்ணும் செருக்கும் ஓசையின்றி வந்து புகுந்துவிடுகின்றது. நம் சமயம் இதனை ஆணவம் என்று கூறும். பொருளையும் ஊரையும் விட்டவனைக்கூட அது எளிதில் விட்டு நீங்குவதில்லை. தாம் கண்ட ஒளியை வாழ்நாளெல்லாம் பிறருக்கு வழங்கியும் அச்செருக்குக்கு இடங்கொடாத பெரியார் ஒருவர் நம் ஈழநாட்டிலே வாழ்ந்தார். அவரே சுவாமி விபுலானந்த அடிகள்.

மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களிலே, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். இளமையிலே தமக்குக் கல்வி புகட்டிய குஞ்சித்தம்பி ஆசிரியரைப் போற்றிச் செய்யுள் இயற்றினார் என்பர். பின்னர்க் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். மிஷன் பாடசாலையிற் கற்ற என்போன்ற மாணவருக்கு இச்செய்தி தனி ஊக்கந் தருவது. பிற சமயத்தார் நடத்திய கல்லூரியிலே விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தையும் கற்ற அவர், தம் சமயத்தையும் தமிழையும் கைவிடவில்லை. தமக்குக் கல்வியளித்தவர்களை வெறுக்கவுமில்லை.

அவர் பெற்ற பட்டங்கள் அக்காலத்திலே எவரையும் தலைநிமிர்ந்து நடக்கச் செய்யக்கூடியவை. கொழும்பிலே ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்றார். 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிற் சித்தியெய்தினார். ஈழநாட்டிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே. யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராயிருந்து, 1920ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். இருபத்தெட்டு வயதிலே பண்டிதர், பட்டதாரி, அதிபர் என்னும் மூன்று சிறப்பும் ஒருங்கே வாய்த்தன.

இவ்வளவும் கைகூடிய வேளையிலேதான் அவருடைய வாழ்வு திரும்பிற்று. இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியரோடு கொண்ட தொடர்பு அவருள்ளத்திலே துறவு வேட்கையை வளர்த்தது. 1922ஆம் ஆண்டிலே பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்றார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமி தினத்தன்று, ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலானந்தரானார். இச்சிவானந்தர் இருஷிகேசத்துச் சிவானந்தர் அல்லர். அக்காலத்திலே இராமகிருஷ்ண சங்கத்தின் தலைவராய் விளங்கிய பெரியார்.

அடுத்த ஆண்டு அடிகள் தாயகம் திரும்பினார். காவியுடை தரித்து மீண்ட பட்டதாரியைக் காண மக்கள் திரண்டிருப்பர். தம்முடைய துறவின் கதையை மேடைதோறும் கூறியிருந்தால் விருப்புடன் கேட்டிருப்பர். அடிகளோ அக்கதையைத் தம் பணியின் மூலதனமாக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும், அப்பாடசாலைக்குப் பொருள் வேண்டும் என்று உழைக்கத் தொடங்கினார். திருக்கோணமலை இந்துக் கல்லூரி முதலாகப் பல பாடசாலைகளின் பொறுப்பைத் தாங்கினார். 1929ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் உயர்தரப் பாடசாலையொன்றை எழுப்பினார். அதற்கு இட்ட பெயர் சிவானந்த வித்தியாலயம். தமக்கு ஒளி தந்த குருவின் பெயர் அங்கே விளங்கிற்று. தம் பெயர் விளங்க அவர் இடம் வைக்கவில்லை.

1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். அப்பதவியின் பெருமை அவரைக் கல்விமான்களின் கூட்டத்தோடு நிறுத்திவிடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள திருவேட்களத்திலே, தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்குச் சென்று அவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார். பகலிலே பேராசிரியராய் வீற்றிருந்தவர் அங்கே எழுத்தறிவிக்கும் உபாத்தியாயராய் நின்றார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் அப்பெரும் பதவியையும் விட்டு ஈழத்துப் பணிக்கு மீண்டார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். 1943ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். பதவி வந்தபோது ஏற்றார், விடவேண்டியபோது விட்டார். இரண்டிலும் அவருக்கு ஆரவாரமில்லை.

பழந்தமிழர் இசைத்த யாழ் எத்தகையது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல், 1947ஆம் ஆண்டு ஆனி மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில், தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவாலயத்திலே அரங்கேறிற்று. அப்போது அடிகள் உடல்நலங் குன்றியிருந்தார். கணிதமும் விஞ்ஞானமும் இசையும் இலக்கியமுமாகத் தாம் கற்ற யாவற்றையும் அந்நூலிலே இறைவன் சந்நிதியில் ஒப்படைத்து மீண்டவர்போல, ஆடி மாதம் 19ஆம் திகதி கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அவருடைய திருமேனி கல்லடி உப்போடையிலே, சிவானந்த வித்தியாலயச் சூழலிலே சமாதி வைக்கப்பட்டது.

இப்பெரியாரிடம் நாம் கற்கவேண்டியது யாது? தம்முள் நிகழ்ந்த மாற்றத்தை அவர் ஒளிக்கவில்லை. உடுத்த காவியே அதை ஊரறியச் செய்தது. ஆயினும் அம்மாற்றத்தைத் தம் உடைமையாகக் கருதாமல், குருவருளாற் கிடைத்த கொடையாகக் கருதினார். உடைமையென்று எண்ணுபவன் அதைக் காட்டிப் பெருமை கொள்வான். கொடையென்று எண்ணுபவன் அதைப் பிறருக்கும் கொடுக்க வழி தேடுவான். அடிகளிடம் வந்த மாணவன் அவருடைய மகிமையைச் சுமந்துகொண்டு வீடு திரும்பவில்லை. தானே கற்கவும் தானே உயரவும் வேண்டிய கருவியைப் பெற்றுத் திரும்பினான்.

1960ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட சட்டத்தின்பின் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளும் அரசாங்கத்தின் நிர்வாகத்துக்கு மாறின. தம் பெயரையும் உரிமையையும் நம்பிச் செய்த பணியாயின் அன்றே அது முடிந்திருக்கும். அவ்வாறு முடியவில்லை, அங்கே பிள்ளைகள் இன்றுங் கற்கின்றார்கள். தம் பெயரை நாட்டாத அவருக்கு, பிற்காலத்தவர் மட்டக்களப்பிலே அழகியற் கற்கைகளுக்கான உயர்கல்வி நிறுவகத்தைப் பெயரிட்டுச் சிறப்புச் செய்தனர்.

வாலிப அன்பர்களே, விரதம் காத்தும் தீய பழக்கத்தை விட்டும் யாத்திரை சென்றும் நம்மிற் பலர் நல்ல மாற்றத்தைப் பெறுகின்றோம். அதைச் சொல்ல நா எழும்போது ஒன்றைச் சிந்திப்போம். கேட்பவன் நம்மை வியக்கவேண்டும் என்று சொல்கின்றோமா? அல்லது அவனும் அவ்வழியிலே ஓரடி நடக்கவேண்டும் என்று சொல்கின்றோமா? பின்னதே நம் நோக்கமாயின், நம் சொல் குறைந்து செயல் மிகும். அவன் நடக்கத் தொடங்கியதும் நாம் ஒதுங்கி நிற்கவும் நமக்கு மனம் வரும். அடிகள் காட்டிய அவ்வழியிலே செல்ல இறைவன் திருவருள் நமக்குத் துணை செய்வதாக.