வீங்கிய வயிற்றினுள் எதிரொலி கேட்டவர்: பேராசிரியர் இயன் டொனால்ட் (1910 – 1987)

நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் குறிகட்டுவானுக்கு வந்திருக்கிறீர்களா? அந்தப் பயணத்தில் ஒரு நோயாளியையாவது கட்டாயம் கண்டிருப்பீர்கள். கையில் கிளினிக் கொப்பி இருக்கும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஸ்கான் எடுக்கப் போகிறோம் என்பார்கள். துணைக்கு வந்தவரின் முகத்திலே நோயாளியை விடக் கூடிய பயம் தெரியும். வயிறு வீங்கினால் அதனை மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் சொல்லி, இனிக் கடவுள் விட்ட வழி என்று கைவிட்ட காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு வீங்கிய வயிற்றைக் கீறாமலும் குத்தாமலும் உள்ளே இருப்பது நீரா, கட்டியா என்று அறிய வழிகாட்டிய ஒருவரைப் பற்றியே இங்கு படிக்கப் போகின்றோம்.

இயன் டொனால்ட் 1910 டிசம்பர் 27 ஆம் திகதி இங்கிலாந்தின் கோன்வால் பகுதியிலுள்ள லிஸ்கேட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் வைத்தியர்கள். ஸ்கொத்லாந்துக் குடும்பம். பின்னர் குடும்பம் தென்னாபிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. இளமையிலேயே தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். 1930 இல் கேப் ரவுண் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். அது என்ன பட்டம் தெரியுமா? கலைப்பட்டம்! மொழிகளும் இசையுமே அவர் முதலிற் படித்தவை. கலைப் பிரிவுக்குப் போனால் எதிர்காலம் இல்லை என்று சலித்துக்கொள்வோர் இதனைக் கவனிக்கவும். (இதை எழுதுபவனும் ஒரு கலைப்பட்டதாரியே, ஆகவே இவ்விடத்திற் சிறிது பெருமைப்பட்டுக்கொள்ள அனுமதியுங்கள்.) அதன் பின்னர் இலண்டன் சென்று, சென் தோமஸ் வைத்தியசாலையில் மருத்துவம் பயின்று 1937 இல் வைத்தியரானார்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையில் வைத்திய அதிகாரியாகப் பணியாற்றினார். ஒருமுறை குண்டுகளோடு தீப்பற்றி எரிந்த விமானத்தினுள் நுழைந்து வீரர்களைக் காப்பாற்றியமைக்காக அரச விருது பெற்றார். எனினும் எமது பாடத்துக்கு முக்கியமானது அதுவன்று. ராடர், சோனார் ஆகிய கருவிகளை அவர் பழகியது அக்காலத்திலேதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றிற்கு ஓர் அலையை அனுப்பி, அது தெறித்து வருவதைக் கொண்டு தூரத்தை அறியலாம் என்பது அவர் மனதில் ஆழப் பதிந்தது. கருவிகளில் அவருக்கிருந்த பைத்தியத்தைக் கண்டு கூட இருந்தவர்கள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தனர். பிறந்தவுடன் மூச்செடுக்கத் திணறும் குழந்தைகளுக்காக அவர் சுவாசக் கருவிகளையும் உருவாக்கினார்.

1954 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானார். கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகரம். அருகிலுள்ள ரென்புறூ என்னும் இடத்தில் பப்கொக் அன்ட் வில்கொக்ஸ் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை இருந்தது. உலோகத்தினுள் வெடிப்பு உண்டா என்று பார்க்க அங்கு கழியொலிக் கருவி பயன்பட்டது. இரும்பினுள் இருக்கும் குறையைக் காட்டும் கருவி வயிற்றினுள் இருக்கும் குறையைக் காட்டாதா என்று டொனால்ட் எண்ணினார். 1955 ஜூலை 21 ஆம் திகதி, சத்திர சிகிச்சையில் அகற்றிய கருப்பைக் கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் இரண்டு கார்களில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய் இறங்கினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலையினர் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வாங்கி வைத்திருந்தனர். திண்மக் கட்டி ஒருவிதமாகவும் நீர்க்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. நீர்க்கட்டியினூடாக ஒலி தடையின்றிச் சென்று, மறுபக்கச் சுவரில் மட்டும் தெறித்து வந்தது. திண்மக் கட்டியின் உள்ளே ஒலி படிப்படியாகத் தேய்ந்தது.

இனி விஞ்ஞானத்தைச் சிறிது பார்ப்போம். 20,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன் உடைய ஒலி கழியொலி எனப்படும். உடலின் மென்மையான இழையங்களில் அதன் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர். எதிரொலி 0.0002 செக்கனில் வந்தால், 1540 × 0.0002 = 0.308 மீற்றர். இது போய்வந்த தூரம். ஆகவே தெறித்த இடம் 15.4 சென்ரிமீற்றர் ஆழத்தில் உள்ளது. இரண்டால் வகுக்க மறப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்! கடலின் ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் காட்டும் கருவி வேலை செய்வதும் இதே முறையிற்றான். டொனால்டுக்கு உதவ வந்த இளம் பொறியியலாளர் ரொம் பிறவுண், கப்பல்களுக்கு அத்தகைய கருவிகள் செய்த கெல்வின் ஹியூஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர். பேராசிரியரின் முயற்சியைக் கேள்விப்பட்டு அவரே தொலைபேசியில் அழைத்துத் தேடிச் சென்றார்.

ஆரம்பத்தில் வைத்தியர்கள் பலர் நம்பவில்லை. அந்நிலையில் ஒரு நாள், சத்திர சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர் தமது நோயாளியான ஒரு பெண்ணைப் பார்க்கும்படி டொனால்டைக் கேட்டார். அப்பெண்ணின் வயிறு பெரிதாக வீங்கியிருந்தது. எக்ஸ் கதிர்ப் படத்திலே இரைப்பைப் புற்றுநோய் என்று கண்டிருந்தனர். அதனாலேயே வயிற்றில் நீர் கோத்துள்ளது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே முடிவு. டொனால்டும் அவரது உதவி வைத்தியர் ஜோன் மக்விகரும் கழியொலியைச் செலுத்திப் பார்த்தனர். வயிற்றறையில் நீர் பரந்து கிடந்தால் குடல்கள் அதில் மிதக்கும். எதிரொலிகள் அங்குமிங்குமாக வரும். இங்கோ முன்னாலும் பின்னாலும் தெளிவான சுவர், நடுவில் ஒன்றுமில்லை. அது சுவருக்குள் அடைபட்ட நீர், அதாவது சூலக நீர்க்கட்டி. சத்திர சிகிச்சை செய்து கட்டியை அகற்றினர். அது புற்றுநோயே அன்று. மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்த அப்பெண் பிழைத்தார். அதன் பின்னர் அந்தக் கருவியைப் பார்த்துச் சிரித்தவர்கள் குறைந்தனர்.

1958 ஜூன் 7 ஆம் திகதி லான்செற் மருத்துவ சஞ்சிகையில் டொனால்ட், மக்விகர், பிறவுண் மூவரும் 100 நோயாளரைப் பரிசோதித்த அனுபவத்தை வைத்துக் கட்டுரை வெளியிட்டனர். கருப்பையிலுள்ள சிசுவின் கழியொலிப் படமும் அதில் இடம்பெற்றது. ஆண்டுகளை மாற்றி எழுதிவிடாதீர்கள்: கிளாஸ்கோவுக்குச் சென்றது 1954, தொழிற்சாலைப் பரிசோதனை 1955, கட்டுரை 1958.

வைத்தியர் விரலால் தட்டிப் பார்த்து வயிற்றுநீரை உறுதியாகச் சொல்வதற்கு அது சுமார் 1500 மில்லிலீற்றர் அளவுக்குச் சேர்ந்திருக்க வேண்டும். இன்றைய ஸ்கான் 100 மில்லிலீற்றர் அளவையே காட்டிவிடும். நீர் கருமையாகத் தெரியும். ஆனால் அது எதனால் வந்தது என்பதை ஸ்கான் மட்டும் எப்போதும் சொல்லாது. ஈரல் சுருங்குதல், காசநோய், இதயநோய், புற்றுநோய் ஆகியன யாவும் காரணமாகலாம். அதனால் ஊசியால் சிறிது நீரெடுத்துப் பரிசோதிப்பர். வாயு கழியொலியைத் தடுக்கும். தோலுக்கும் கருவிக்குமிடையே காற்று நில்லாதிருக்க இப்போது ஜெல் பூசுகிறார்கள். டொனால்ட் ஒலிவ் எண்ணெய் பூசினார். அடிவயிற்று ஸ்கானுக்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதும் அவர் காட்டிய வழியே. நிரம்பிய சலப்பை ஒரு சன்னல்போல் உதவுகிறது என்பதை 1963 இல் அவர் கண்டார். படகிலும் பஸ்ஸிலும் அடக்கிக்கொண்டு வரும் தீவகப் பெண்களுக்கு இது பெரிய உபத்திரவந்தான். ஆனால் காரணம் தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும்.

1964 இல் கிளாஸ்கோவில் திறக்கப்பட்ட குயீன் மதர்ஸ் மகப்பேற்று வைத்தியசாலையை அமைப்பதிலும் டொனால்ட் முன்னின்றார். இவ்வளவும் செய்தவர் தாமே ஓர் இதய நோயாளி. வால்வு பழுதுபட்டு ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் இதய சத்திர சிகிச்சைக்கு உட்பட்டார். கட்டிலிற் கிடந்த அனுபவத்தையும் மருத்துவக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். 1976 இல் ஓய்வு பெற்றார். பியானோ வாசிப்பதிலும் பாய்ப்படகு ஓட்டுவதிலும் பிரியமுள்ள அவர், 1987 ஜூன் 19 ஆம் திகதி எசெக்ஸ் பகுதியிலுள்ள பக்லெஷம் என்னும் கிராமத்திற் காலமானார்.