பூட்டுத் தொழிலாளியின் மைந்தர் ஜார்ஜ் சைமன் ஓம்

பத்தாம் வகுப்பிற் பயிலும் நம் பிள்ளைகளுள் ஓம் விதியை மனப்பாடம் செய்யாதார் இலர். எனினும் ஓம் என்பது ஒரு மனிதரின் பெயர் என அறிந்தோர் சிலரே. அதனைப் பிரணவம் என்றே எண்ணியிருந்த மாணவன் ஒருவனை நாம் வகுப்பறையில் கண்டதுண்டு. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789 மார்ச் 16ஆம் நாள் ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்தார். தந்தையார் பூட்டுத் தொழிலாளி. கல்லூரி சென்றவரல்லர்; தாமே நூல்களைக் கற்றுத் தேர்ந்து, ஜார்ஜுக்கும் இளவல் மார்ட்டினுக்கும் வீட்டிலேயே கணிதமும் அறிவியலும் போதித்தார். ஜார்ஜுக்குப் பத்து வயதாகும்போது அன்னை மறைந்தார். 1805இல் பல்கலைக்கழகம் புகுந்த இளைஞர், நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பொழுது போக்கினார். வெகுண்ட தந்தையார் படிப்பை நிறுத்திச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே பள்ளியொன்றில் கணிதம் கற்பித்தவாறே தாமும் பயின்று, 1811இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1817இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். அப்பள்ளியின் சோதனைச்சாலையே அவரது தவச்சாலை. அக்கால மின்கலங்களின் விசை சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும், அளவுகள் நிலைகொள்ளா. எனவே பிஸ்மத்தும் செம்பும் இணைத்த வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைக்க, மாறாத மின்விசை கிட்டியது. ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உடைய செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலக்கத்தால் மின்னோட்டத்தை அளந்தார். தடை பெருகப் பெருக ஓட்டம் குறைவதைக் கணக்கில் வடித்தார். கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளத் தந்தையின் பட்டறைப் பயிற்சி உதவிற்று. தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் இதனைச் சற்றே நின்று எண்ணுதல் நன்று.

கணக்கு எளிதே. 230 வோல்ட் அழுத்தத்தில் இஸ்திரிப் பெட்டியொன்று 4 ஆம்பியர் மின்னோட்டம் கொள்வதாக வைப்போம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை 57.5 ஓம். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் 920 வாட். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவு. மாணவர் பலர் வகுக்குமிடத்துப் பெருக்கியும், பெருக்குமிடத்து வகுத்தும் மதிப்பெண் இழக்கின்றனர். மின்தடையால் எழும் வெப்பத்தின் அளவை நிறுவியவர் ஓம் அல்லர். 1841இல் ஆங்கிலேயரான ஜூல் அதனைக் கண்டார்.

1827இல் ஓம் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். போற்றுவார் அரியர், விரும்பிய பேராசிரியர் பதவியும் வரவில்லை. மனம் நொந்து கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் வாரத்திற்குச் சில மணி நேரம் பாடம் நடத்திக் காலம் தள்ளினார். 1833இலேதான் நியூரம்பர்க் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது. 1841இல் இலண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்த பின்னரே தாயகம் விழித்தது எனலாம். மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல் வந்தடைந்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று.

1854 ஜூலை 6ஆம் நாள் அவர் மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாடு மின்தடையின் அலகிற்கு அவர் பெயரை உலகளாவிய முறையில் ஏற்றுக்கொண்டது.