இராமானுஜன் தந்த மூன்று அறிக்கைகள்

மெர்சிங்கில் கூடுதல் கணிதம் சொல்லித் தருகிறேன். ஒரு சார்பை ஒரு முறை வகையிடலாம், இரண்டு முறையும் வகையிடலாம் என்றதும் ஒரு மாணவி, அரை முறை வகையிடலாமா சார் என்று கேட்டாள். முடியும் மாணவர்களே. லைப்னிட்ஸ் 1695இலேயே இதைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். நம் இராமானுஜனும் இந்தப் பக்கம் வந்தவர்தான்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் கல்லூரித் தேர்வுகளில் தோற்றார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். ஹார்டிக்குக் கடிதம் எழுதிய கதை எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை.

1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அவற்றின் உயிர்நாடி, இன்று இராமானுஜனின் முதன்மைத் தேற்றம் எனப்படுவது. ஒரு முடிவிலாத் தொடரின் கெழுக்கள் 0, 1, 2 என்ற முழு எண்களுக்குத் தெரிந்தால், ஒரு தொகையீட்டின் வழியே இடைப்பட்ட எண்களுக்கும் அவற்றை நீட்டலாம். காரணீயப் பெருக்கத்தைக் காமா சார்பு நீட்டுவதும் இப்படித்தான். அரையின் காரணீயப் பெருக்கம் சுமார் 0.886. கெழுக்களின் இடத்தில் வகைக்கெழுக்களை வைத்துப் பாருங்கள், அரை வகைக்கெழு கிடைத்துவிடும்!

இது வெறும் விளையாட்டு அல்ல. சுருள்வில்லில் விசை நீட்சியைப் பொறுத்தது. கெட்டித் திரவத்தில் நீட்சியின் வேகத்தைப் பொறுத்தது. முன்னது வகையிடாதது, பின்னது ஒரு முறை வகையிட்டது. ஜொகூர் தோட்டங்களில் நம் பாட்டிமார் பால்மரம் சீவி எடுத்த ரப்பரோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்குப் பின்ன வகைக்கெழுச் சமன்பாடு நன்றாகப் பொருந்தும்.

ஆனால் இத்தகைய சமன்பாடுகளில் பெரும்பாலானவற்றைக் கையால் தீர்க்க முடியாது. கணினியில் படிப்படியாகத்தான் போகவேண்டும். சாதாரணச் சமன்பாட்டில் அடுத்த படிக்கு முந்தைய ஓரிரு படிகள் போதும். பின்ன வகைக்கெழுவுக்கு நினைவாற்றல் அதிகம். ஒவ்வொரு படியிலும் தொடக்கம் முதல் எல்லாவற்றையும் கூட்டச் சொல்லும். 1,000 படிகளுக்குச் சுமார் 5 லட்சம் உறுப்புகள்!

இராமானுஜனின் தேற்றத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அது எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தாது. காகிதம் வாங்க வசதியின்றி, சிலேட்டில் போட்டுப் பார்த்து முடிவை மட்டும் நோட்டில் எழுதிப் பழகியவர் அவர். எந்தச் சார்புகளுக்குச் செல்லும் என்ற நிபந்தனையைப் பின்னர் ஹார்டி வகுத்தார். நிபந்தனை தெரியாமல் பயன்படுத்தினால் சூத்திரமும் ஏமாற்றும், கணினி நிரலும் ஏமாற்றும். திரையில் ஓர் எண் வந்துவிட்டாலே விடை என்று நம்பும் பல்கலைக்கழக மாணவர்களை நான் பார்க்கிறேன்.

1918இல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் 32 வயதில் மறைந்தார். அந்த அறிக்கைகளைப் புரூஸ் பெர்ண்ட் 1985இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார். முதன்மைத் தேற்றத்தை இராமானுஜன் வருவித்த வழிக்குத் தொகையிடலும் அடுக்குக்குறித் தொடரும் தெரிந்தால் போதும். ஆறாம் படிவ மாணவர்கள் தாராளமாக முயலலாம்.