உறைபனியில் மலர்ந்த ரோஜா: ஜார்ஜ் புஞே

சொல்லை வளர்த்தோர் பலர். செடியை வளர்த்தோரும் பலர். இரண்டையும் ஒரே வாழ்நாளில் வளர்த்து, இரண்டிலும் பெயர் நாட்டியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜார்ஜ் புஞே. கனடாவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்து பிரெஞ்சு மொழியில் நாவலும் கவிதையும் படைத்த இவரே, கடுங்குளிரைத் தாங்கும் புகழ்பெற்ற ரோஜா ஒன்றை உருவாக்கியவரும் ஆவார்.

புஞே 1879-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலுள்ள ஷாலோன் நகரில் பிறந்தார். சமயக் கல்வி பயின்றும் குருவாகாமல் எழுத்தை நாடினார். 1904-இல் ஜூலியாவை மணந்து, அடுத்த ஆண்டே அவருடன் கனடா சென்றார். ஆல்பர்ட்டா மாநிலத்தில் எட்மன்டன் நகருக்கு வடமேற்கே, ரிச் வேலி என்னும் காட்டுப்பகுதியில் 160 ஏக்கர் நிலம் பெற்றார். குடியேறுவோர்க்கு அரசு பத்து டாலர் கட்டணத்தில் வழங்கிய நிலம் அது. ஆயினும் அங்கேயே குடியிருந்து, காடு திருத்திப் பயிர் செய்தோர்க்கே அது உரிமையாயிற்று.

பகலெல்லாம் உழவு, நெடிய குளிர்கால இரவுகளில் எழுத்து. இவ்வாறு பிறந்தவையே இவர்தம் நூல்கள். 1924-இல் வெளிவந்த 'நிப்சியா' ஒரு கலப்பினப் பழங்குடிப் பெண்ணின் கதை. 1935-இல் வெளிவந்த 'காடு', பிரான்சிலிருந்து குடியேறிய இளந்தம்பதியரின் துயரக் கதை. அவர்கள் காட்டை எதிர்த்துப் போராடுகின்றனர். தம் குழந்தையை இழக்கின்றனர். இறுதியில் தோற்றுத் திரும்புகின்றனர். 1938-இல் 'தனிமையின் குரல்கள்' என்னும் கவிதைத் தொகுதி வந்தது. ஆங்கிலம் மேலோங்கிய மாநிலத்தில் பிரெஞ்சில் எழுதிய இவருக்கு அங்கே வாசகர் சிலரே இருந்தனர்.

நாவலின் மாந்தர் தோற்ற இடத்தில் அதன் ஆசிரியர் தோற்கவில்லை. காரணத்தை அவருடைய தோட்டத்தில் காணலாம். குளிர் உறைநிலைக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்கும் நிலம் அது. ஐரோப்பியத் தோட்டங்களின் நயமான ரோஜாக்கள் அங்கே ஒரு குளிர்காலத்தையும் தாண்டுவது அரிது. ஆனால் அதே மண்ணில் காட்டு ரோஜா தானே வளர்ந்து பூத்தது. 1930-இல் ஆல்பர்ட்டாவின் மாநில மலராகவும் அது ஏற்கப்பட்டது. ஐந்தே இதழ், ஆண்டுக்கு ஒரு பருவமே பூப்பு, ஆயினும் எந்தப் பனிக்கும் அது அழிவதில்லை.

அந்தக் காட்டு மலரையே புஞே துணைக்கொண்டார். குளிர்நாடுகளிலிருந்து விதைகளை வருவித்தார். கம்சாட்காவின் ரோஜா இனங்களையும், மனிடோபாவில் பிராங்க் ஸ்கின்னர் உருவாக்கிய 'பெட்டி பிளாண்ட்' ரோஜாவையும் காட்டு ரோஜாவின் வழித்தோன்றல்களோடு இணைத்தார். ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் சூல்முடியில் இடுதல், விதையைக் குளிரில் வைத்து முளைப்பித்தல், நாற்றுகளைப் பனியிலேயே விட்டுச் சோதித்தல், எஞ்சியவை பூக்கும்வரை காத்திருத்தல் என்பவை இப்பணியின் படிகள். ஒரு தலைமுறையைக் காணவே பல ஆண்டுகள் செல்லும். முதற்கலப்பில் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பு பெரும்பாலும் மறைந்துபோகும்; அடுத்தடுத்த தலைமுறைகளிலேயே அதை மீட்கவியலும்.

1950-இல் 'தெரேஸ் புஞே' என்னும் ரோஜா வெளியாயிற்று. அப்போது அவர் அகவை எழுபதைக் கடந்திருந்தது. அடுக்கிதழ், இளஞ்சிவப்பு வண்ணம், நறுமணம், முள் குறைந்த செந்நிறத் தண்டு, கோடையில் மீண்டும் பூக்கும் இயல்பு ஆகியன அதன் சிறப்புகள். தன் வேரிலேயே வளர்வதால், தண்டு கருகினும் அடியிலிருந்து அதே ரோஜா தளிர்க்கும்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்ளும் தமிழ்க் கவிஞர்க்கு இவ்வாழ்க்கை அயலானதன்று. பிறந்த மண்ணின் மென்மையை மட்டும் நட்டிருப்பின் அது கருகியிருக்கும். காட்டை மட்டும் ஏற்றிருப்பின் புதுமை தோன்றியிராது. வந்தேறியின் அழகுணர்வும் மண்ணின் வன்மையும் ஒரு வேரில் கூடியபோதே அந்த மலர் பிறந்தது.

நூற்றாண்டைக் கடந்து வாழ்ந்த புஞே 1981-இல் மறைந்தார். அவருடைய நூல்களைப் படித்தோரினும் அவருடைய ரோஜாவை நட்டோர் மிகுதி. அவர்களுட் பலர், தம் முற்றத்தில் பூப்பது ஒரு கவிஞரின் கைவண்ணம் என்பதை அறியார். ஆயினும் ஒவ்வொரு குளிர்காலம் கழிந்தபின்னும் அது தளிர்க்கிறது.