வீணை தனம்மாளும் காலப்பிரமாணமும்

ஒரு பாட்டை எந்த வேகத்தில் பாடவேண்டும் என்ற சர்ச்சை சங்கீத ரசிகர்களிடையே ஓய்வதில்லை. அந்தப் பேச்சு வந்தால் வீணை தனம்மாளின் பெயரும் வரும்.

தனம்மாள் 1867-ல் சென்னையில் பிறந்தார். தஞ்சாவூர் அரசவை மரபில் வந்த குடும்பம். பாட்டி காமாட்சி நடனக் கலைஞர். சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் தீட்சிதர் கிருதிகளைக் கற்றார். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் மிருதங்கம் இல்லாமல் வாசிப்பார். மெல்லிய குரலில் உடன் பாடுவார். பெரிய வித்வான்களும் வந்து மௌனமாகக் கேட்பார்கள்.

வீணைத் தந்தியை மீட்டியதுமே நாதம் தேயத் தொடங்கும். வேகமாக வாசித்தால் அடுத்த மீட்டு அதை மறைத்துவிடும். தனம்மாள் நிதானமாக வாசித்தார். ஒரே மீட்டில் தந்தியை மெட்டின்மேல் இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைக் காட்டும் அழகுக்கு அந்த நேரம் தேவை. வணிகவியல் படித்த எனக்குத் தேய்மானம் என்றால் நஷ்டக் கணக்கு. அவருக்கோ அதுதான் மூலதனம்.

மேற்கத்திய சங்கீதத்திலும் இதே சர்ச்சை உண்டு. பாஃக் 1741-ல் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்ட் வாத்தியத்துக்கு எழுதியது. அதிலும் நாதம் உடனே தேயும். கிளென் கூல்ட் அதைப் பியானோவில் 1955-ல் சுமார் 38 நிமிடத்திலும், 1981-ல் சுமார் 51 நிமிடத்திலும் வாசித்துப் பதிவு செய்தார். அதே ஸ்வரங்கள்தான், அர்த்தம் மாறிவிட்டது.

நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இது எளிதாகப் புரியும். ஆவாரம்பட்டையில் பதனிடும் தோலுக்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமில் சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டும் நல்ல தோல்தான், ஆனால் ஒன்றல்ல. அதுபோல, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிரபலமாக்கிய விறுவிறுப்பான மத்திமகாலக் கச்சேரி முறையும் சிறந்ததே.

கடைசிக் காலத்தில் தனம்மாளுக்குப் பார்வை மங்கியது, பணக்கஷ்டமும் இருந்தது. ஆனாலும் கூட்டத்துக்காகத் தம் பாணியை மாற்றவில்லை. 1938-ல் காலமானார். அவர் வாசித்த சில கிராமபோன் தட்டுகள் கிடைக்கின்றன. ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் என்பதால், அவற்றை வைத்து அவருடைய முழு நிதானத்தையும் அளந்துவிட முடியாது.

அந்த நிதானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது தட்டுகள் அல்ல, குடும்பம். பேத்திகள் பாலசரஸ்வதி 1973-லும், பிருந்தா 1976-லும் சங்கீத கலாநிதி விருது பெற்றார்கள். பிருந்தாவும் தங்கை முக்தாவும் பாடிய க்ஷேத்ரய்யா பதங்களை இன்றும் கேட்கலாம். நம் குடியிருப்பில் வீணையோ கீபோர்டோ கற்கும் பிள்ளைகள் ஒருநாள் டிவியை அணைத்துவிட்டு ஒரு பதத்தை முழுதாகக் கேட்கட்டும். பிறகு தாங்கள் வாசிக்கும் பாட்டையே கொஞ்சம் நிறுத்தி வாசித்துப் பார்க்கட்டும்.