ஆட்டின் இரத்தத்தில் விடை கண்டவர்

அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவதைக் காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் ஓட்டிவரும் செம்மறிகள் இரவெல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். அக்கிடையில் ஒன்றையடுத்து ஒன்றாக ஆடுகள் குட்டி வீசினால், கண்ணேறு என்று விட்டுவிடாமல் கிருமியையும் ஐயுற வேண்டும். அத்தகைய கிருமிகளுள் கொடியது புரூசெல்லா. மனிதனையும் அது விடுவதில்லை. அது ஆட்டில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் தெமிஸ்டாக்ளிஸ் ஸம்மிட் என்னும் மால்டா நாட்டு மருத்துவர்.

1864-இல் வல்லெட்டா நகரில் பிறந்த ஸம்மிட், தாய்நாட்டில் மருத்துவம் பயின்று, இலண்டனிலும் பாரிசிலும் கிருமியியல் கற்றுத் திரும்பினார். அக்காலத்தில் மால்டாவிலிருந்த ஆங்கிலேயப் படையினரை ஒரு காய்ச்சல் வாட்டி வதைத்தது. வாரக்கணக்கில் ஏறி இறங்கும், மூட்டுகளை முடக்கிப்போடும். அதன் கிருமியை 1887-இலேயே டேவிட் புரூஸ் இறந்த வீரர்களின் மண்ணீரலில் கண்டுவிட்டார். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது என்பது பதினெட்டு ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

1904-இல் அமைந்த ஆய்வுக்குழுவில் ஸம்மிட்டும் இடம்பெற்றார். மால்டாவில் வெள்ளாடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து பால் கறந்து விற்பது வழக்கம். கொழுகொழுவென்றிருந்த அந்த ஆடுகளை யார்தான் சந்தேகிப்பார்! 1905 ஜூன் மாதம் ஸம்மிட் அவற்றின் இரத்தத்தைச் சோதித்தார். நோயுற்ற மனிதனின் இரத்தநீரைப் போலவே ஆட்டின் இரத்தநீரிலும் கிருமிகள் திரண்டு ஒட்டின. தொடர்ந்த ஆய்வில் ஏறத்தாழப் பாதி ஆடுகள் தொற்றுக்கு ஆளானவை என்பதும், சுமார் பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியைச் சுரந்தது என்பதும் தெரியவந்தன. 1906-இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கில் படுத்தவர்களின் தொகை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கிற்று.

ஆடு நோயாளியாகத் தோன்றாததே இந்நோயின் சூழ்ச்சி. வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கசியும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அது விழுந்த புல்லை மேயும், அதை நக்கும் பிற ஆடுகளுக்கும் தொற்றும். பெரும்பாலான ஆடுகள் ஒருமுறைதான் வீசும். அடுத்த ஈற்றில் நல்ல குட்டியே போடும். ஆனால் கிருமியைச் சிந்துவது நின்றுவிடாது. வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுப்பவருக்கும் ஆபத்துதான். கையுறை அணிந்து அதனை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பிட்டுப் புதைப்பதும், வீசிய ஆட்டைத் தனியே கட்டுவதும், பாலைக் காய்ச்சிக் குடிப்பதும் செலவில்லாத காப்புகள். புதிதாக வாங்கிய ஆட்டைச் சோதிக்காமல் மந்தையில் சேர்ப்பதே நோய்க்கு அகலத் திறந்த கதவு.

1920-இல் அக்கிருமியினத்துக்குப் புரூஸின் பெயரே சூட்டப்பட்டது. பல நூல்களில் ஸம்மிட்டின் பெயர் ஓரத்தில்கூட இல்லை. இது நியாயமாகப் படவில்லை. அவரோ ஆய்வுக்கூடத்தோடு நின்றவரல்லர். கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு இது வியப்பளிக்கும்: உழவர் ஒருவரின் நிலத்தடியில் கிடந்த தார்ஷியன் கற்கோயில்களை 1915 முதல் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தவரும் அவரே. மால்டிய மொழியில் கதைகள் எழுதினார். பல்கலைக்கழகத் தலைவராகவும் விளங்கினார். 1930-இல் சர் பட்டம் பெற்றார்.

படையினர் பிழைத்தனர், மால்டா மக்களோ வாசலில் கறந்த பாலையே குடித்துத் தொடர்ந்து காய்ச்சலில் விழுந்தனர். ஆடுகளை நம்பிப் பிழைத்தவர்களுக்கு மாற்று வழி காட்டப்படவில்லை. மால்டாவில் பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கும் நிலையம் 1938-இல்தான் இயங்கத் தொடங்கியது. ஸம்மிட் 1935-லேயே மறைந்துவிட்டார்.